இரண்டு மணிக்கு அதிரும் டிரம்

கார்குழலி பேண்டு செட்டில் சைடு டிரம் அடிப்பவள். மூடிப்போன ஆலையின் பழைய சாமான்களோடு ஏலத்தில் வந்த பித்தளை டிரம் அது. அதன் அடித்தோலை ஒட்டியிருந்த சுருள் கம்பிகள் காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து மணிக்கு யாரும் தொடாமலே ஒரு நிமிடம் அதிர்ந்தன.

"ரயிலு போவுது, அதான்," என்றான் புருஷன் தீனா.

"தெனம் கரெக்டா இன்னா ரயிலு? ஞாயித்துக்கெழம காலைல ஆறு மணிக்கு சர்ச்சுல கொடியேத்தம். ஜெபம் பண்ண சொல்லோ இது ஒதறிச்சின்னா என்னிய செட்ட வுட்டே தூக்கிடுவாங்கோ."

அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கம்பிகளை இறுக்கினாள், தளர்த்தினாள், துணி வைத்து அடைத்தாள். புதுக் கம்பி மாட்டினாள். அதுவும் இரண்டு மணிக்கு அதிர்ந்தது. சனிக்கிழமை காலை கம்பிகளை மொத்தமாகக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அன்று இரண்டு மணிக்குச் சத்தமே இல்லை.

"பாத்தியா?" என்று தீனாவிடம் சிரித்தாள்.

இரண்டரைக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். வெளியே காக்கிச் சட்டை போட்ட ஒருவர், கையில் டிபன் கேரியரோடு நின்றார்.

"ஏம்மா, இன்னிக்கி ஷிப்ட்டு சங்கு ஊதலியே. மில்லுக்குள்ள அல்லாரும் இன்னும் வேல செஞ்சிகினே கீறாங்கோ."