மீன் ஊசி

1957இல் பிரெஞ்சு மரியாதைப்படி நாங்கள் ‘முசே’ என்று கூப்பிடும் ஆராய்ச்சியாளர் தனிஸ்லாஸ், தினமும் மீனவர்கள் வாழும் வைத்திக்குப்பம் போய், மீன் வயிற்றிலிருந்து கடுகளவு சுரப்பியை வெட்டி எடுத்து வருவார். அதில் ஊறும் இன்சுலின் என்ற புரதம், ரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளச் சொல்லி உடம்புக்கு உத்தரவு போடுகிறது. மீனின் உத்தரவுக்கு மனுஷ உடம்பும் கீழ்ப்படியுமா என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி.

கீழ்ப்படிந்தது. கடையில் விற்கும் இன்சுலின் ஒத்துக்கொள்ளாமல் சாகக் கிடந்த எங்கள் பக்கத்து வீட்டுச் சவரிராயன், மீன் ஊசி போட்டதும் எழுந்து பெரிய மார்க்கெட்டுக்கு நடந்தே போய்வந்தார். நானே பார்த்தேன். மறுவாரம் அவர் மனைவி அகஸ்டினா அவரை நான் வேலை பார்த்த முசேயின் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்து வந்தாள்.

"தூங்கும்போது கண்ண மூட மாட்றாரு முசே."

"ஒரேயடியா மூடறதுக்கு இது தேவலையேம்மா."

"அது கெடக்கட்டும், முதுகப் பாருங்க."

சட்டையைத் தூக்கினாள். முதுகு முழுக்க வலைக்கண்கள் பதிந்து சிவந்திருந்தன. குப்பத்தில் கரைவலை இழுக்கும் நேரத்தில்தான் இப்படி ஆகிறதாம்.

முசே கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். "ஊசிய நிறுத்திடட்டுமா? நிறுத்துனா ஆளு தங்க மாட்டாரு."

"நீங்க போடுங்க. இழுக்கறத நான் பாத்துக்கறேன்."

அன்றுமுதல், காலையில் வலை கரையேறும்வரை சவரிராயன் படுத்திருக்கும் கட்டில் கடல் பக்கத்துத் தெருவாசலை நோக்கி மெல்ல நகரும். அகஸ்டினா சுவரில் இரண்டு கால்களையும் உதைத்துக்கொண்டு கட்டிலைப் பிடித்திருப்பாள்.