எதிரெதிர்ப் பக்கங்கள்

"இந்தாளு படத்த எனக்கு நேரா வெக்காத கண்ணு" என்றார் காபி எஸ்டேட் முதலாளி பரமானந்தம்.

அவருடைய அறுபதாம் கல்யாண மலர்தான், ஏற்காட்டில் ஜமீலா டி.டி.பி. சென்டர் திறந்தபின் வந்த முதல் பெரிய வேலை. திரையில் இடப்பக்கம் முதலாளியும் வலப்பக்கம் அவருடைய தோட்டத் தொழிலாளி மாதையனும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏனுங்கய்யா, நல்லாத்தானுங்க இருக்குது?"

"பொஸ்தகத்த மூடுனா அவன் மூஞ்சி எம் மூஞ்சி மேல ஒட்டுமில்ல? காயிதத்துலன்னாலும் நொம்ப அருவருப்பா இருக்குது."

ஜமீலாவுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. ஆனாலும் நடுவில் ஒரு விளம்பரப் பக்கத்தை நுழைத்தாள். அதற்குப் பின்னால் இருந்த பக்கங்களெல்லாம் இடம் வலமாக மாறிப்போயின. ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். மாதையன் அடுத்த தாளின் பின்பக்கத்துக்குப் போய்விட்டார்.

"இப்பத்தான் நிம்மதியா இருக்குது" என்றார் பரமானந்தம்.

"அவரு படத்துக்குக் கீழ என்னங்க போடறது?"

"போன வருசம் எனக்கு ஒரு கிட்னி குடுத்தானில்ல, அதையே போட்டுரு கண்ணு. 'முதலாளியின் உயிரைக் காத்த தொழிலாளி'ன்னு."

ஜமீலா கம்ப்யூட்டரை அணைத்தாள்.

"வேற எடம் பாத்துக்குங்க" என்றாள்.