ஜெனி சொன்ன நல்ல செய்தி

"ஏட்டி ஜெனி, நிவேதாவுக்குச் சாப்பாடு மாத்தியாச்சா?"

ஐந்தருவிச் சாலையோரப் பழக்கடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. ஆனந்தவள்ளிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சாயங்காலம் ஆறு மணியானால் போதும், ரம்புட்டான் விலை கேட்டவர்களை அப்படியே நிற்க வைத்துவிட்டு பெங்களூருக்குப் போன் போட்டுவிடுவாள்.

"காலையிலயே மாத்திட்டேன்ம்மா" என்றாள் ஜெனி. பக்கத்து ஊரான பாவூர்சத்திரத்துப் பிள்ளை. பெங்களூரில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் புற்றுநோய்க்கு மருந்து தேடுகிறவள்.

"அங்கன ரொம்பக் குளிருமே. அவளுக்குக் குளிர் ஆகாதுட்டி."

"உடம்புச் சூடு எவ்வளவோ அவ்வளவுதான்ம்மா வச்சிருக்கோம். மெஷின் பாத்துக்கிடுது." ஜெனி கொஞ்சம் தயங்கினாள். "அம்மா, முந்தாநாள் ஒரு புது மருந்து போட்டிருக்கோம். ஏழாவது மருந்து. கேக்குதா இல்லையான்னு நாளைக்குத் தெரிஞ்சிரும். இதுவும் கேக்கலன்னா எங்க வேலையையே நிறுத்திருவாங்க."

ஆனந்தவள்ளிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "நல்ல சேதியாச் சொல்லி என் வயித்துல பால வாருட்டி, ஒனக்குப் புண்ணியமாப் போகும்" என்று மட்டும் சொன்னாள்.

போனை வைத்ததும் புருஷன் இசக்கிமணி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏளா, நாளைக்கு ஆடி அமாவாசை. அருவிக்கரையில திதி குடுக்கணும். நீயும் வா."

"உங்க அம்மைக்குத்தானே? நீங்களே குடுத்துட்டு வாங்க. பிள்ளைக்கு மருந்து கேக்குதான்னு தெரியுத அன்னைக்கு நான் கோயிலுக்குத்தான் போவேன்."

இசக்கிமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழத்தட்டுப் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது.

அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தப் பதினோரு மாதத்தில் மகளைப் பற்றி ஜெனியிடம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாரா? இவள் போனை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். பெற்ற தகப்பனுக்கு இப்படி ஒரு கல் மனசா!

மறுநாள் திதி கொடுத்துவிட்டு வந்த இசக்கிமணி குற்றாலநாதர் கோயில் வாசலோடு நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. ஆனந்தவள்ளி மட்டும் போய், நிவேதா பெயர், மகம் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தாள்.

"ஆறு மருந்து தோத்துட்டு சாமி. இதையாவது கேக்க வை. இருபத்திரண்டு வயசுப் பிள்ளை. எனக்குன்னு மிச்சம் இருக்கது அவ ஒருத்திதான்."

சத்தமாகவே கெஞ்சினாள். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும்.

வெளியே வரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

"அம்மா! மருந்து கேட்டுட்டும்மா!" ஜெனி சிரிக்கிறாளா அழுகிறாளா என்றே தெரியவில்லை. "நாங்க ஜெயிச்சிட்டோம்மா!"

ஆனந்தவள்ளி கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "அப்ப என் பிள்ளை பிழைச்சுக்கிட்டாள்லா?"

ஜெனி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துச் சொன்னாள்.

"அம்மா... இத நான் அன்னைக்கே தெளிவாச் சொல்லியிருக்கணும். நாங்க இங்கன கண்ணாடித் தட்டுல போட்டு வளத்தது, அவ வயித்துலருந்து எடுத்த புற்றுக்கட்டியம்மா. அவளக் கொன்னதே அதுதான். இப்ப அதுல ஒரு செல்லுகூட உயிரோட இல்ல."

'நிவேதாவோட செல்லு எங்ககிட்ட உயிரோடதான் இருக்கும்மா' என்று சாவு வீட்டுக்கு வந்த ஜெனி ஆறுதலாகச் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, பதினோரு மாதத்துக்கு முன் மகளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போனபோதுகூட ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் நின்றவள் ஆனந்தவள்ளி. "ஐயோ, என் மக செத்துட்டாளே!" என்று இப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டு கதறினாள்.