மிச்ச மாத்திரை

ரத்தப் புற்றுநோய்க்கான புது மருந்துச் சோதனையில் சேர்ந்திருந்த சோணையின் நலம் கேட்டு, நர்ஸ் ஷெரின் வாரந்தோறும் ஒத்தக்கடையில் அவர் வீட்டுக்குப் போன் செய்வாள். அவர் மனைவி பேச்சியம்மாள்தான் பேசுவாள்.

"காய்ச்சல் உண்டாம்மா?"

"இல்ல தாயி."

"நல்லா சாப்பிடுறாரா?"

"கறிக்கொழம்பு வச்சா எனக்கு மிச்சம் வைக்கிறதில்ல."

காலி மாத்திரை டப்பாவைத் திருப்பித் தரவேண்டிய நாளில், பேச்சியம்மாள் மட்டும் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். டப்பாவில் பாதிக்குமேல் மாத்திரை இருந்தது.

"ஏன் சாப்பிடல? அவர் எங்கே?"

"அவரு போயி இருபது நாளாச்சு தாயி."

"போன்ல நல்லாருக்காருன்னீங்களே!"

"செத்துட்டாருன்னு சொன்னா எல்லாருக்கும் மருந்தையே நிறுத்திருவீகல்ல? இங்க அவருக்குப் பக்கத்துக் கட்டில்ல இருந்த தங்கத்துக்கு அந்த மருந்து நல்லா கேக்குது. அவ புள்ளைக சிறுசு."

"ஒருத்தரை வச்சு நிறுத்த மாட்டாங்கம்மா. இறந்த தேதி சொல்லுங்க."

"சத்தியமா?" என்று கேட்டு உறுதி வாங்கிய பிறகுதான் பேச்சியம்மாள் தேதியைச் சொன்னாள்.