ஜன்னலோர நாற்காலி

கம்ப்யூட்டரின் நெற்றியில் திருநீற்றைப் பூசினார்.

காலமெல்லாம் லாரி ஸ்டியரிங்குக்குப் பூசிய கை. இதற்கு நெற்றி எது என்று மட்டும் கொஞ்சம் தடுமாறியது.

"போதுங்கப்பா" என்றான் நவநீதன், சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டே.

கம்பெனியில் இன்று குடும்ப நாளாம். பெற்றவர்களை வரவழைத்துப் பிள்ளைகள் வேலை பார்க்கும் இடத்தைக் காட்டுவார்களாம். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவதுபோல.

அவர் அதற்காக வரவில்லை.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று போன மாதம் போனில் அழுதான் மகன். "சேந்து ஒரு வருசங்கூட ஆகல, சொந்தபந்தத்துக்கு என்ன பதில் சொல்றது" என்று அவன் அம்மா சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்றிருந்தார்.

பிறத்தியார் பேச்சை நம்பி அவர் ஒரு பழைய டயர்கூட வாங்கியதில்லை.

பார்த்தார்.

குளிர் இருந்தது. வெயிலில் வெந்து கிடந்தவருக்கு அதன் அருமை தெரியாமல் இல்லை. வீட்டு வாசலில் கொண்டுபோய் விட வேன் இருந்தது. பெண் கொடுக்கிறவன் கேட்டால் சொல்ல ஒரு பேர் இருந்தது.

காபி மிஷின் இருந்தது. குடித்தார். கழுநீர். ஓசி என்பதால் இன்னொன்று குடித்தார்.

சுவரில் இங்கிலீஷில் பெரிதாக ஏதோ எழுதியிருந்தது. நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று அர்த்தமாம்.

குடும்பத்தில் எவன் அதைச் சுவரில் எழுதிவைப்பான்?

"இங்க என்னடா வேல உனக்கு?"

"ஆன்லைன்ல விக்கற சட்டைங்க படமா வருங்கப்பா. நீலமா, கருநீலமான்னு பாத்துக் குறிக்கோணும்."

"குறிச்சுட்டு?"

"அடுத்த சட்டை."

இன்ஜினியரிங் படித்தவன்.

தாடி வைத்த ஒரு பையன் வந்தான். மேனேஜராம். நவநீதன் விறைத்து எழுந்து, "சார்" என்றான்.

"எத்தனை தடவை சொல்றது, இங்க சார் எல்லாம் கிடையாது ப்ரோ" என்று தோளில் தட்டினான் அவன். "அங்கிள், உங்க பையன் தங்கம்." போகிற போக்கில் மகன் பக்கம் குனிந்தான். "சண்டே மட்டும் கொஞ்சம் லாகின் பண்ணிடு."

சார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

பின்னாலேயே இன்னொரு பையன் வந்து நின்றான். கூட அவன் அப்பா. பட்டுப்புடவையில் அம்மா.

"முடிஞ்சுதாடா நவநீ? அடுத்தது நாங்க."

அவருக்கு விளங்கவில்லை. நவநீதன் தண்ணீர் பாட்டிலையும் பையையும் எடுத்துக்கொண்டான். அந்த மேஜையில் அவனுடையது அவ்வளவுதான்.

"இதாம்மா என் சீட்டு" என்றான் அந்தப் பையன்.

அந்த அம்மா நாற்காலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். திருநீற்றைப் பார்த்ததும் புருஷனின் கையைப் பிடித்தாள்.

"பாருங்க, எம்புள்ள எவ்வளவு பக்தியா வச்சிருக்கான்!"

கண் கலங்கியிருந்தது.

அவர் திருநீறு ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

சற்றுத் தள்ளி வந்து கேட்டார்.

"அப்ப உன்ற சீட்டு எது?"

"தனியா யாருக்கும் கெடையாதுங்கப்பா. காலைல மொதல்ல வர்றவங்க உக்காந்துக்கலாம். ஜன்னலோரம் பாக்க நல்லாருக்குதுன்னு எல்லாரும் இதையே காட்டறோம்."

"பிந்தி வந்தா?"

"கேண்டீன்ல."

லாரி ஷெட்டில் கிளீனருக்குக்கூட ஓர் ஆணி இருந்தது, சட்டையைக் கழற்றி மாட்ட. இன்னொருத்தன் சட்டை அதில் ஏறினால் அடிதடி ஆகிவிடும்.

காறித் துப்பத் தோன்றியது. கீழே கார்ப்பெட். விழுங்கினார்.

வாசலில் செக்யூரிட்டி, விசிட்டர் அட்டையைக் கேட்டான். கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தார்.

பிறகு மகன் பக்கம் கையை நீட்டினார்.

"உன்றதையும் கழட்டு. அவன்கிட்ட குடுத்துட்டு வா, போலாம். அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

நவநீதன் அவரையே பார்த்தான். ஒரு மாதமாக அவன் காத்திருந்த சொல்.

கை கழுத்துப் பட்டைக்குப் போனது.

உள்ளே கேக் வெட்டுகிறார்கள் போல. கைதட்டினார்கள். யாரோ சிரித்துக்கொண்டே, "நவநீ எங்கடா?" என்று கத்தினார்கள்.

கை அங்கேயே நின்றது.

செக்யூரிட்டி ஒருமுறை அப்பனைப் பார்த்தான், ஒருமுறை மகனைப் பார்த்தான்.

நவநீதனின் அட்டை மறுபக்கம் திரும்பிக் கிடந்தது. அதை மெல்லத் திருப்பி, போட்டோ வெளியே தெரியும்படி நெஞ்சில் நேராக வைத்துக்கொண்டான்.