ஐந்து வாட் பகை

“இன்னிக்கோட அவன் மூச்சு நின்னாகணும்!” பல்லைக் கடித்துக்கொண்டு செம்புக் கம்பியை இழுத்து முறுக்கினார் உமாமகேஸ்வரன் குருக்கள்.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மனைவி கனகாம்பாள் முகம் சுளித்தாள். “ஏன்னா, சுவாமியைத் தொடற கை இது. ஒரு போட்டிக்கு இப்படியா பேசுவா? ஏரியலைக் கட்டிட்டு இறங்குங்கோ.”

கோயிலில் முறை இல்லாத நாட்களில் குருக்களுக்கு, வீட்டிலிருந்தபடியே ஊர் ஊராக ஆட்களைத் தொடர்புகொள்ளும் அமெச்சூர் ரேடியோதான் உலகம். இன்று மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை போட்டி. மிஷினின் சக்தி ஐந்து வாட்டுக்கு மேல் போகக் கூடாது, வாயால் பேசவும் கூடாது. மோர்ஸ் குறியிலேயே தட்டித் தட்டி, யார் அதிகம் பேரைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்குக் கேடயம்.

‘அவன்’ என்பது வேங்கிக்கால் கண்ணாயிரம். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் வாத்தியார், அவனும் ரேடியோ பைத்தியம். போன வருஷம் சிநேகிதனாக மீட்டரோடு வந்து, கனகாம்பாள் போட்ட காபியைக் குடித்துவிட்டு, குருக்களின் மிஷினை அளந்து பார்த்தான். “ஒம்போது வாட் வருதே சாமி” என்றான்.

குருக்கள் சத்தியம் பண்ணிச் சொன்னார். அவன் கேட்கவில்லை. நேரே போய் போட்டிக் கமிட்டிக்கு எழுதிப் போட்டுவிட்டான். கமிட்டி குருக்களின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்தது. விஷயம் தேரடிவரை பரவியது. தீபாராதனைத் தட்டை நீட்டும்போதே, “திருட்டு பவர் சாமிதானே?” என்று இளித்தவர்கள் உண்டு.

ஒரு வருஷமாக வயிறு எரிந்துகொண்டிருந்தது. கேடயத்தை வாங்கினால்தான் அந்தக் கறை போகும். கண்ணாயிரம் மண்ணைக் கவ்வினால்தான் எரிச்சல் அடங்கும். இரண்டும் இன்றே நடக்க வேண்டும் என்றிருந்தது அவருக்கு.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குள் நாற்பத்து மூன்று பேரைப் பிடித்துவிட்டார். ஆளுக்கு இரண்டு மார்க், எழுதியதில் பிழை இருந்தால் ஒன்று குறையும். போன வருஷம் எண்பது மார்க்குக்கே கேடயம் கொடுத்தார்கள். குருக்கள் மீசையில்லாத உதட்டைத் தடவிக்கொண்டார்.

அப்போது ஹெட்போனில் காதைக் கிழித்துக்கொண்டு ஒரு அழைப்பு வந்தது. குருக்களின் அடையாளக் குறியைத் தட்டி, குருக்களையே கூப்பிட்டது; பின்னாலேயே கண்ணாயிரத்தின் குறி.

“வந்துட்டான்டீ, வேங்கிக்கால்காரன்!”

“பதில் சொல்லாதீங்கோ. விட்டுடுங்கோ.”

“விடறதாவது!” குருக்களின் விரல் அதற்குள் மோர்ஸ் கீயில் இருந்தது.

இது தன்னுடைய எத்தனையாவது தொடர்பு என்று இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். குருக்கள் நாற்பத்து நான்கு என்று தட்டினார். கண்ணாயிரத்திடமிருந்து வந்த எண், ஒன்று.

நம்பாமல் திரும்பவும் கேட்டார். திரும்பவும் ஒன்றுதான்.

குருக்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார். “நாலு மணி நேரமா ஒருத்தனும் சிக்கலை போலருக்கு! மிஷின் படுத்துடுத்து. கடை மூடற நேரத்துல நான்தான் அவனுக்கு முதல் போணி!”

சிரித்துக்கொண்டே பென்சிலைக் கீழே வைத்தார். தாளில் நாற்பத்து நான்காவது வரி காலியாகவே இருந்தது. இரண்டு பேரும் கமிட்டிக்கு அனுப்பும் தாள்களில் இருக்கிற தொடர்புக்குத்தான் மார்க். ஒருவர் எழுதாவிட்டால் மற்றவருக்கும் கிடையாது.

“ஏன்னா, எழுதலையா?”

“நான் எழுதலைன்னா அவனுக்கு முட்டை. ரிசல்ட்ல கடைசியா, பேருக்கு நேரே பூஜ்யம்! ரேடியோ வச்சிருக்கறவா அத்தனை பேரும் பாக்கட்டும்.”

“உங்களுக்கும் ரெண்டு மார்க் போறதே?”

“போனாப் போறது. அவன் முட்டையைப் பாக்க ரெண்டு மார்க் ஜாஸ்தியா என்ன?”

ஆறு மணிவரை வேறு யாரும் சிக்கவில்லை. குருக்கள் கவலைப்படவில்லை. மறுநாள் காலை தாளைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து, ஒரு வருஷத்தில் முதல்முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டார்.

இரண்டு மாதம் கழித்து ரிசல்ட் வந்தது. கூடத்தில் நின்றபடியே உறையைக் கிழித்து, பட்டியலைக் கீழேயிருந்து படிக்க ஆரம்பித்தார். கண்ணாயிரத்தின் பூஜ்யத்தை முதலில் பார்க்க வேண்டுமே. கடைசி வரியில் அவன் இல்லை. அதற்கு மேலும் இல்லை. அவன் பெயரே பட்டியலில் இல்லை.

பார்வை ஏறி உச்சிக்குப் போனது. இரண்டாம் இடம், உமாமகேஸ்வரன், எண்பத்தாறு. முதல் இடம் யாரோ ஒரு பெங்களூர்க்காரர், எண்பத்தேழு.

குருக்கள் அப்படியே ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். கனகாம்பாள் தாளை வாங்கிப் பார்த்தாள். எண்பத்தேழில் அவள் விரல் நின்றது.

வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம். கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தான் கண்ணாயிரம்.

“சாமி, என்னை மன்னிச்சுடுங்க. போன வருஷம் தப்பு என் மீட்டர்லதான். ஸ்கூல் லேப்ல வெச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது. கமிட்டிக்கும் எழுதிட்டேன். உங்க மூஞ்சியில முழிக்க வெக்கப்பட்டுக்கினு இத்தினி நாளா வரல.”

கனகாம்பாள் கையிலிருந்த தாளைக் காட்டினார் குருக்கள். “லிஸ்ட்ல... உன் பேரு...”

“நான் இந்த வருஷம் போட்டியிலயே சேரலீங்க. கடைசி நேரத்துல மிஷினைப் போட்டு உங்க ஒருத்தரை மட்டுந்தான் கூப்பிட்டேன். சரிபாக்கறதுக்குன்னு தாளை மட்டும் கமிட்டிக்கு அனுப்பிட்டேன்.”

பழத்தை ஊஞ்சல் பலகையில் வைத்துவிட்டு, குருக்களின் முகத்தை ஆசையோடு பார்த்தான்.

“அந்த ரெண்டு மார்க் உங்களுக்குச் சேந்துதுங்களா, சாமி?”