பதினெட்டு ரசிகர்கள்

அணை, பாலமெல்லாம் கட்டி ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளருக்கு, இரண்டடி தள்ளியிருக்கும் குழிக்குள் கோல்ஃப் பந்தைத் தள்ள மட்டும் இன்னும் வேளை வரவில்லை. ஆனாலும் தமது நூற்றிருபதாவது பயிற்சி வீடியோவை இணையத்தில் ஏற்றிவிட்டுக் கம்பீரமாக வீடு திரும்பினார்.

"இத்தோட விளையாட்டுக்கு முழுக்குன்னு வீடியோவுல அறிவிச்சுட்டேன். நாளையிலேர்ந்து வீட்டு நிர்வாகம்தான்."

மனைவிக்கு முகம் வெளிறியது. "என்னங்க, பதினெட்டு ரசிகர்கள் தினமும் காத்துக்கிட்டிருக்காங்களே!"

"எல்லாரும் புகழ்றாங்க. குறை சொல்ல ஆளே இல்லைன்னா எனக்கென்ன வளர்ச்சி? முதல்ல சமையலறை டப்பாவுக்கெல்லாம் நம்பர் போடணும். அப்புறம் மருமகள் துணி துவைக்கிறதுக்கு ஒரு டைம்டேபிள்..."

"டீ கொண்டுவரேன்," என்று மனைவி சமையலறைக்குள் போனார்.

இரண்டே நிமிடத்தில் பொறியாளரின் போன் ஒலித்தது. வீடியோவுக்குக் கீழே 'வெண்கழுகு' என்ற புது ஆள் எழுதியிருந்தார்: 'நீங்க பந்தை அடிக்கலை, புல்லு வெட்டுறீங்க. விலகினதுக்கு நன்றி.'

"எவன்டா இவன்? என்னைப் பார்த்தா புல்லு வெட்டுறவன் மாதிரியா இருக்கு? இவன் வாயை அடைக்காம விடமாட்டேன்!"

டீக்குக்கூடக் காத்திராமல் கோல்ஃப் பையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் பாய்ந்தார்.

சமையலறையில் அடுப்பே பற்றவைக்கப்படவில்லை. மனைவி தம் போனைக் கீழே வைத்தார்.

"புல்லு வெட்டுறது கொஞ்சம் ஓவர், அத்தை," என்றாள் மருமகள். "சரி, நாம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நடத்துற அந்தப் பதினெட்டு ரசிகர்களை இனி என்ன பண்றது?"

"பாதிப் பேரைக் கழுகு பக்கம் சேர்த்துவிடும்மா. சண்டை சூடு பிடிச்சுதுன்னா, இந்த வருஷம் முழுக்க நமக்கு நிம்மதி."